ரஹ்மான் டாப் 10 வாக்கெடுப்பு: எந்த ஆல்பம் எத்தனாவது, கேசட் வித்த காசு யாருக்குப் போச்சு

பக்கம்_பி எழுதியது:

வருஷா வருஷம் நடக்கிற சண்டையை இந்த வருஷமும் ஆரம்பிச்சு வைக்கிறேன். விதி சிம்பிள். 1992லேர்ந்து 2000 வரைக்கும் வந்த ரஹ்மான் ஆல்பங்கள்ல ஒவ்வொருத்தரும் பத்து எழுதணும். முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாவதுக்கு 1. தமிழ்ல நேரடியா வந்த படம் மட்டும். ஆகவே "உயிரே" கிடையாது, அது "தில் சே"வோட டப்பிங். போன வருஷம் இதுக்கே நாலு பக்கம் ஓடுச்சு, இந்தத் தடவை மன்னிக்கவும். பின்னணி இசையைச் சேர்க்கக்கூடாது. கேசட்ல என்ன இருந்ததோ அது மட்டும்தான் கணக்கு.

என் வரிசை: இருவர், திருடா திருடா, அலைபாயுதே, ரோஜா, டூயட், மின்சார கனவு, ரிதம், பம்பாய், சங்கமம், கிழக்குச் சீமையிலே.

இருவர் ஏன் ஒண்ணாம் இடம்னு கேட்பீங்க. அதுல நாட்டை சாயல்ல ஒரு பாட்டு, அடுத்தது ஐம்பதுகளோட ஜாஸ் கிளப் மாதிரி ஒண்ணு, அப்புறம் கவிதை வாசிப்பு. ஒரே கேசட்ல மூணு காலம். எதையும் ஓட்டி விட வேண்டியதில்லை. திருடா திருடா ரெண்டாவது, "ராசாத்தி"க்காக. ஷாகுல் ஹமீது குரலும் பின்னால கோரஸும் மட்டும்தான், வாத்தியமே இல்லை. 1993ல அதைச் செய்யத் துணிச்சல் வேணும்.

ஆரம்பிங்க.

ஸ்ரீரங்கத்தான் எழுதியது:

ரோஜா நாலாவதா? உமக்கு மனசாட்சி இருக்கா ஓய்? முதல் படம், அதுக்கே தேசிய விருது. டைம் பத்திரிகை 2005ல உலகத்தோட பத்து சிறந்த சவுண்ட்டிராக்னு போட்டதுல அது இருக்கு. நம்ம ஃபோரத்துல நாலாவது!

அந்த தேசிய விருதுக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்றேன். நடுவர் குழுவுல ரோஜாவுக்கும் இளையராஜாவோட தேவர் மகனுக்கும் சம ஓட்டு. தலைவர் பாலு மகேந்திரா தன்னோட கூடுதல் ஓட்டைப் புதுப் பையனுக்குப் போட்டார். ராஜாவோட அத்தனை படம் செஞ்ச இயக்குநர்! ஆல்பம் ரேங்க்கிங்னா அதுதான் சார். ஒத்தை ஓட்டு.

மடிப்பாக்கம்_மெயில் எழுதியது:

பக்கம் பி அண்ணே, உங்க பட்டியலோட முதல் ரெண்டு படமும் தியேட்டர்ல சரியாப் போகாத படம். எப்பவும் இப்படித்தான் நடக்குது, ரசிகர் பட்டியல்ல மேல இருக்கிறது வசூல்ல கீழ இருக்கும்.

என் சந்தேகம் வேற. படம் ஓடலைன்னா ரஹ்மானுக்கு அதுல வருமானம் குறைஞ்சிருக்குமா? கேசட் வித்தா அவருக்கு ஏதாவது வந்திருக்குமா? நான் காலேஜ் படிக்கிறப்ப இருவர் கேசட்டை ரெண்டு தடவை வாங்கினேன், ஒண்ணு டேப் சிக்கிப் போச்சு. அந்த ரெண்டாவது கேசட் காசுல ஒரு ரூபாயாவது அவருக்குப் போயிருக்குமான்னு இப்ப யோசிக்கிறேன்.

சட்டக்குறிப்பு எழுதியது:

நான் காப்புரிமை வழக்குகள் பார்க்கிறவன், அதனால இதுக்கு மட்டும் நீளமா எழுதுறேன். ரேங்க்கிங் பக்கம் வரமாட்டேன், ரிதம் ஏழாவதுன்னு பார்த்ததும் ரத்த அழுத்தம் ஏறிடுச்சு.

1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் காசு கொடுத்துப் பாட்டுப் போடச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல முதல் உரிமையாளர் அவர்தான். 1977ல ஐபிஆர்எஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர்களோட உரிமைச் சங்கம்) வழக்குல உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்தத் தீர்ப்போட வாலுல நீதிபதி கிருஷ்ணய்யர் தனியா ஒரு குறிப்பு சேர்த்தார். பாடுறவனுக்கு நம்ம சட்டத்துல இடமே இல்லையேன்னு அதுல வருத்தப்பட்டிருப்பார். பாடகர், வாசிப்பவர் உரிமைன்னு ஒண்ணு சட்டத்துக்குள்ள வந்தது 1994ல. அதுலயும், படத்துல சேர்க்கச் சம்மதிச்சுட்டா அந்த உரிமை போச்சு.

நடைமுறையில என்ன ஆச்சுன்னா, இசையமைப்பாளருக்கு மொத்தமா ஒரு சம்பளம். தயாரிப்பாளர் ஆடியோ ரைட்ஸை கம்பெனிக்கு வித்துடுவார். கேசட் லட்சம் வித்தாலும், குடோன்ல கிடந்தாலும் லாப நஷ்டம் கம்பெனிக்கு. ரோஜாவுக்கு ரஹ்மான் வாங்கினது 25,000 ரூபாய்ன்னு பரவலாப் பதிவான தகவல். அப்ப அவர் விளம்பர ஜிங்கிள் போட்டுக்கிட்டிருந்தவர், அந்தக் காசை அதுல இன்னும் சீக்கிரமா சம்பாதிச்சிருப்பார். ஆகவே மடிப்பாக்கம் சார், அந்தக் காலத்து வழக்கப்படி பார்த்தா உங்க ரெண்டாவது கேசட் காசு கடைக்காரர், கம்பெனி, டேப் தயாரிச்சவர் இவங்களோட நின்னிருக்கும். தனி ஒப்பந்தம் போட்டவங்களுக்கு மட்டும் கணக்கு வேற.

மாற்றம் வந்தது 2012 திருத்தத்துல. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில இருந்தபடி அதுக்காகப் போராடினார். அந்த வருஷம் ஜூன் 21 முதல் அமல். தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர்த்து ரேடியோ, டிவி, ஹோட்டல், போன்னு வேற எங்க ஒலிச்சாலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சமப் பங்கு ராயல்டி உண்டு. முக்கியமான வரி என்னன்னா, அதை அவங்களே "வேண்டாம்"னு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாத்தித் தரலாம். ஏன் இவ்வளவு கறாரா எழுதினாங்கன்னா, முதல் படம் கிடைக்கிற பையன் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடுவான்.

மடிப்பாக்கம்_மெயில் எழுதியது:

அப்ப பம்பாய் தீம்? "லார்ட் ஆஃப் வார்" ஹாலிவுட் படத்துல வந்ததே, 2005ல. அதுக்காவது வெளிநாட்டுக் காசு வந்திருக்குமே.

சட்டக்குறிப்பு எழுதியது:

வெளிப்படத்துல ஒரு இசையைப் போடணும்னா ரெண்டு அனுமதி வேணும். மெட்டுக்கு ஒண்ணு, பதிவான ஒலிக்கு ஒண்ணு. மெட்டு இசையமைப்பாளர் கையிலயும் ஒலி கம்பெனி கையிலயும் இருந்தா ரெண்டு பேருக்கும் செக் போகும். பழைய ஒப்பந்தங்கள்ல பெரும்பாலும் ரெண்டுமே ஒரே பெட்டிக்குள்ள. அவரோட ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை, அதனால அதுக்கு மேல பேசமாட்டேன்.

கோடம்பாக்கம்_டீக்கடை எழுதியது:

எல்லாரும் ரஹ்மான் ரஹ்மான்னு பேசுறீங்க. ராஜா ரசிகனா ஒரு விஷயம். எங்காளுக்கு "ஆல்பம் ரேங்க்கிங்"கே சரிப்படாது. ஏன்னா எண்பதுகள்ல ஆல்பம்னு ஒண்ணை நாங்க பார்த்ததே இல்லை. ஒரே கேசட், ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேற படம். பாதி பேர் அதையும் வாங்கலை. ஒரு பேப்பர்ல பன்னிரண்டு பாட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில கொடுத்தா, மறுநாள் சாயங்காலம் டிடிகே 60 நிமிஷக் கேசட்ல பதிஞ்சு தருவான். கடைசிப் பாட்டு பாதியில நின்னுடும். "மௌனமான நேரம்" எனக்கு இன்னிக்கும் ரெண்டாவது சரணத்தோட முடியற பாட்டுதான்.

அதனால எங்க ஊர்ல ரேங்க்கிங்னா பாட்டுக்குத்தான். கடைக்காரர் கையில இருந்த நோட்டுதான் எங்க சார்ட். எந்தப் பாட்டை அதிகம் பேர் எழுதிக் கொடுத்தாங்களோ அது ஒண்ணாம் நம்பர். அதுல ராஜாவுக்கு ஒரு பைசா கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. அந்தக் கடை மொத்தமுமே சட்டவிரோதம், சட்டக்குறிப்பு சார் மன்னிக்கணும்.

இந்தப் பின்னணி தெரிஞ்சாதான் 2017ல தன் பாட்டை அனுமதி வாங்காம மேடையில பாடக்கூடாதுன்னு எஸ்பிபிக்கு ராஜா நோட்டீஸ் அனுப்பினது புரியும். அப்ப ஊரே திட்டுச்சு. நானும் திட்டினேன், ரெண்டு நாள். நண்பனுக்கு நோட்டீஸான்னு. அப்புறம் யோசிச்சா, நாப்பது வருஷமா எல்லாரும் இலவசமா எடுத்துக்கிட்ட ஒரு ஆள் முதல் தடவையா "கேட்டுட்டுச் செய்"ங்கிறார். தப்பு எங்கன்னா, கேட்க வேண்டிய இடம் கச்சேரி நடத்துறவங்க. பாடுறவர்கிட்ட போய் நின்னதுதான் வலிச்சது. 2019ல ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னுட்டாங்க, நமக்கு இன்னும் ஆறலை.

சட்டக்குறிப்பு எழுதியது:

டீக்கடை சொன்னது பெரும்பாலும் சரி. மேடைக் கச்சேரிக்கு உரிமம் எடுக்க வேண்டியது அமைப்பாளர் பொறுப்புதான் பொதுவான வழக்கம். ஆனா ராஜா தரப்பு வாதத்துக்கும் ஒரு எதிர்க்கேள்வி இருக்கு. 2024 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றத்துல ராஜா பாட்டு உரிமை வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தப்ப நீதிபதிகள் கேட்டது ஞாபகம் இருக்கும்: வரி இல்லாம பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தா என்ன செய்வீங்கன்னு. இதே ஃபோரத்துல ஆல்பம் பட்டியல் போடுறப்ப வைரமுத்து பேரையோ வாலி பேரையோ யாராவது எழுதுறோமா?

ரெண்டாவது_வயலின் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன். இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு. நான் எண்பதுகள் கடைசியிலேர்ந்து ரெக்கார்டிங்ல வயலின் வாசிச்சவன். பேர் வேண்டாம்.

எங்க கணக்கு ரொம்ப எளிசு. கால்ஷீட். காலையில போவோம், ஸ்டாண்டுல நொட்டேஷன் இருக்கும். ராஜா சார் ரெக்கார்டிங்னா அவர் கைப்பட எழுதினதைப் பார்த்துக் காப்பி எடுத்து வாசிப்போம். ரெண்டு ஒத்திகை, ஒரு டேக். முடிஞ்சதும் இன்சார்ஜ் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுக் கவரைக் கொடுப்பார். அந்தக் கவரோட அந்தப் பாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு முடிஞ்சது. அது எந்தப் படம்னுகூட சில சமயம் தெரியாது. "ப்ரொடக்‌ஷன் நம்பர் 4"ன்னு எழுதியிருக்கும். ஆறு மாசம் கழிச்சு வடபழனி பஸ் ஸ்டாண்டுல ஒரு கடையில அது ஓடும், அட நம்ம வாசிச்சதுன்னு நிப்பேன்.

ராயல்டின்னு இப்ப பேசுறதெல்லாம் எங்க வரிசைக்கு வந்து சேர்றதில்லை. பாடகர்களுக்கு 2013ல தனிச் சங்கம் வந்தது, நல்லது. கூட்டத்தோட வாசிக்கிறவனுக்குக் கவர்தான். குறை சொல்லலை, பொண்ணு படிச்சது அந்தக் கவர்லதான். கீபோர்டு வந்தப்புறம் நாப்பது வயலின் இருந்த இடத்துல எட்டு, அப்புறம் நாலு. அதுதான் எங்களுக்கு விழுந்த அடி, ராயல்டி இல்லாதது இல்லை.

ரஹ்மான் சாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கேசட்டுக்குள்ள மடிச்சு வைக்கிற அந்தத் தாள்ல வாசிச்சவங்க பேரைப் போட்டது அவர் ஆல்பங்கள்லதான் வழக்கமாச்சு. பொடி எழுத்து, கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. என் மச்சான் அதை ஜெராக்ஸ் எடுத்து ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டினான். பைசா வரலை, ஆனா பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குக் காட்டினோம்.

ஸ்ரீரங்கத்தான் எழுதியது:

ஐயா, நமஸ்காரம். ரோஜாவை நாலாவதா போட்டவனை நீங்களே கேளுங்கோ.

டைனமோ எழுதியது:

வணக்கம் அண்ணைமார். டொரொண்டோவில இருந்து எழுதுறன். ஊர் யாழ்ப்பாணம்.

ரோஜா வந்த நேரம் எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. பற்றறி தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் குடுக்கிறது. ஒராள் பெடலைக் கையால சுத்த வேணும், மற்றாக்கள் கேக்கிறது. "சின்னச் சின்ன ஆசை"யை அண்ணா சுத்தினால் அதைப் பாடின மின்மினி சரியான மின்மினி. அவர் களைச்சுப் போனால் மின்மினி ஆம்பிளை ஆகீடுவா. நான் சுத்தினால் சின்னப் பிள்ளை மாதிரி கீச்செண்டு கேக்கும். "ராசாத்தி"யைக் கொழும்புக்கு வந்து ஒழுங்கான செற்றில கேட்ட அண்டைக்கு, இது வேற ஆரோ பாடினதெண்டு சண்டை பிடிச்சனான்.

அந்தக் கசெற்றுகள் எல்லாம் கொப்பியின்ர கொப்பி. அப்ப ரஹ்மானுக்கு எங்களால ஒரு சதமும் போகேல்லை. இப்ப அவர் இஞ்ச கச்சேரிக்கு வந்தால் குடும்பத்தில அஞ்சு பேருக்கும் டிக்கற் எடுக்கிறன். பழைய கடன் எண்டு மனிசிக்குச் சொல்லுறனான். அவ நம்புறேல்லை.

என்ர ஓட்டு: திருடா திருடா, ரோஜா, டூயட், பிறகு மிச்சம். இருவர் எனக்கு ஒன்பதாவது. கோவிக்காதேங்கோ.

பக்கம்_பி எழுதியது:

டைனமோ அண்ணை, இருவர் ஒன்பதாவதுன்னு எழுதினதுக்கு வேற யாரா இருந்தாலும் பிளாக் பண்ணியிருப்பேன். சைக்கிள் பெடலுக்காக விட்டுடறேன்.

மொட்டைமாடி_ஸ்டூடியோ எழுதியது:

ப்ரோ எல்லாரும் கேசட் காலம் பேசுறீங்க, நான் இப்ப நடக்கிறதைச் சொல்றேன். கோயம்புத்தூர், சொந்தமா பாட்டுப் போடுற ஆள், சினிமா கிடையாது. நாலு பாட்டு வெளியிட்டிருக்கேன். போன காலாண்டு ஸ்ட்ரீமிங் வருமான ஸ்டேட்மெண்ட் வந்துச்சு. எக்ஸெல் ஷீட்டைத் திறந்தா ஆயிரத்துக்கு மேல வரி, ஒவ்வொரு வரியிலயும் 0.000-ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எண். மேல கூட்டித் தள்ளினா 412 ரூபாய். அதையும் உடனே எடுக்க முடியாது, குறைஞ்சபட்சத் தொகை சேரணுமாம். மாஸ்டரிங் (ஒலியைக் கடைசியா சீர் பண்றது) பண்ணின பையனுக்கு நான் கொடுத்தது 3,000.

ஒரு தடவை கேட்டா இத்தனை பைசான்னு ரேட் இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. சந்தா, விளம்பரம்னு வந்த காசை ஒரே குடத்துல ஊத்துறாங்க. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைத் தளம் எடுத்துக்கும். மிச்சத்தை மொத்தக் கேட்பு எண்ணிக்கையில யாருக்கு எத்தனை சதவீதம்னு பிரிக்கிறாங்க. அதாவது பக்கம் பி அண்ணன் மாசம் பூரா இருவர் மட்டுமே கேட்டாலும், அவரோட சந்தாவுல பெரும்பகுதி அந்த மாசத்துக் குத்துப்பாட்டுக்குத்தான் போகும். ஸ்பாட்டிஃபை 2024லேர்ந்து இன்னொண்ணு கொண்டுவந்துச்சு. பன்னிரண்டு மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்குப் பங்கே கிடையாது. என் நாலுல ரெண்டு அந்தக் கோட்டுக்குக் கீழ.

பாட்டை நேரா விக்கிற பேண்ட்கேம்ப் தளத்துல போட்டப்ப ஒரு ஆள் 5 டாலர் கொடுத்து வாங்கினார். அவங்க 15 சதவீதம் எடுத்துக்கிட்டாங்க, பேமெண்ட் கட்டணம் கொஞ்சம், மீதி எனக்கு. அந்த ஒருத்தர் கொடுத்தது, ஸ்ட்ரீமிங்ல அந்த மூணு மாசமும் கேட்ட மொத்தப் பேரும் சேர்ந்து கொடுத்ததுக்குக் கிட்ட வந்துடுச்சு.

பெரிய ஹிட்டே இருந்தாலும் கதை மாறும்னு சொல்ல முடியாது. "எஞ்சாய் எஞ்சாமி" 2021ல வந்து உலகமே கேட்டுச்சு. 2024 மார்ச்ல அதுக்கு இசை போட்ட சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டு, அதுல எங்களுக்கு இதுவரை வருமானமே வரலைன்னார். பாட்டை வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்துச்சு. யார் பக்கம் சரின்னு நான் சொல்லவரலை. கோடிக்கணக்குல ஓடின பாட்டுக்கே கணக்கு இவ்வளவு சிக்கல்னா என் 412க்கு யாரைக் கேட்கிறது?

கோலாலம்பூர்வாசி எழுதியது:

மொட்டைமாடி தம்பி, மனசு விடாதே. 2006ல யோகி பி, நட்சத்ராவோட "வல்லவன்" ராப் ஆல்பம் வந்தப்ப இங்க காடி ஓட்டுற எல்லார் டேஷ்போர்டுலயும் அந்த சிடி. அது சினிமாப் படமே இல்லை. தமிழ் ஆல்பம் ரேங்க்கிங்னா அதையும் சேர்க்கணும்னு ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன், ஒவ்வொரு வருஷமும் "தலைப்பு ரஹ்மான்"னு பூட்டு போடுறீங்க.

பக்கம்_பி எழுதியது:

தலைப்பு ரஹ்மான்.

மடிப்பாக்கம்_மெயில் எழுதியது:

ஓட்டெடுப்பு நம்பகமா இருக்கணும்னா ஒரு ஐடிக்கு ஒரு ஓட்டுன்னு கண்டிப்பா இருக்கணும். 2002ல பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் உலகத்தோட பிடிச்ச பாட்டுக்கு ஓட்டு நடத்தினது ஞாபகம் இருக்கா? ஐரிஷ் பாட்டு முதலிடம், வந்தே மாதரம் ரெண்டு, "ராக்கம்மா கையத் தட்டு" நாலு, திருமலை சந்திரனோட "பூவும் நடக்குது" அஞ்சு, "சைய்ய சைய்யா" ஒன்பது, க்வீனோட "பொஹீமியன் ராப்சடி" பத்து. ராஜா ரசிகனா அன்னிக்கு நான் பட்டாசு வெடிச்சேன். யோசிச்சுப் பார்த்தா, அது பாட்டோட தரத்தை அளந்ததைவிட எந்த ஊர்க்காரன் மெயில் ஃபார்வர்ட் பண்றதுல கெட்டிக்காரன்னுதான் அளந்திருக்கு. நானே எட்டு மெயில் ஐடி வச்சிருந்தேன்.

கோடம்பாக்கம்_டீக்கடை எழுதியது:

எட்டுதானா? துரோகி.

சட்டக்குறிப்பு எழுதியது:

ரேங்க்கிங் பக்கம் வரமாட்டேன்னு சொன்னேன், வந்துட்டேன். ரிதத்துல அஞ்சு பாட்டு, அஞ்சு பூதம். நீர், காற்று, நிலம், நெருப்பு, ஆகாயம். திட்டம் போட்டுக் கட்டின ஆல்பம்னு ஒண்ணை இந்தப் பத்துல காட்டச் சொன்னா அதைத்தான் காட்ட முடியும். அதை ஏழாவதா வச்சது இயற்கை நீதிக்கு விரோதம். மறுபரிசீலனை மனு தாக்கல் செய்கிறேன்.

பக்கம்_பி எழுதியது:

திட்டம் போட்டுக் கட்டினதுதான் சார் பிரச்னை. திட்டம் காதுல கேட்குது. அலைபாயுதேல கேட்காது. மனு தள்ளுபடி.

ரெண்டாவது வயலின் ஐயா, நீங்க வாசிச்ச ஆல்பம் ஏதாவது என் பத்துல இருக்கா?

ரெண்டாவது_வயலின் எழுதியது:

மூணு இருக்கு. எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா மரியாதைக்கு ஓட்டுப் போடுவீங்க. ஒண்ணை நீங்க வச்ச இடத்துல எனக்கு உடன்பாடில்லை. அன்னிக்கு ஏசி ரிப்பேர், ஸ்ட்ரிங் எல்லாம் இறங்கிக்கிட்டே இருந்துச்சு, டியூன் பண்ணிப் பண்ணி வாசிச்சோம். ஹெட்போன் போட்டு ரெண்டாவது இடையிசையைக் கேளுங்க, தெரியும்.

பக்கம்_பி எழுதியது:

பத்து ஆல்பத்தோட ரெண்டாவது இடையிசையையும் இன்னிக்கு ராத்திரி கேட்கப் போறேன். ஓட்டு ஞாயிறு ராத்திரி பத்து மணி வரைக்கும். ஒரு ஐடிக்கு ஒரு ஓட்டு. மடிப்பாக்கம், உங்களைத்தான்.